திண்டுக்கல் சாப்பாட்டு நிறுத்தமா?

கொடைக்கானல் சுற்றுலாவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுக் குடும்பங்களிடம் ஏறக்குறைய ஒரே விடைதான் இருக்கிறது. திண்டுக்கல்லில் இறங்கிப் பிரியாணி சாப்பிடுவது, வத்தலக்குண்டு வழியாக மலையேறுவது, மறுநாள் காலை ஒரு டூரிஸ்ட் வேனைப் பிடித்துப் பன்னிரண்டு ‘பாயிண்ட்’ பார்ப்பது, அன்று இரவே இறங்கிவிடுவது. வேன்காரர் நீட்டும் அட்டையில் பெயர்கள் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவுக்குப் பயணம் லாபம். இந்தக் கணக்கு தவறு. பார்த்த இடங்களின் எண்ணிக்கையே பயணத்தின் மதிப்பு என்பது இதிலுள்ள ஒரு நம்பிக்கை. பார்க்க வேண்டியதெல்லாம் மலைமேல்தான், கீழே ஒன்றும் கிடையாது என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இரண்டையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். விடுப்பு இரண்டு நாள்தான் கிடைக்கிறது. கூட வருபவர்களில் கைக்குழந்தை இருக்கும், மூட்டுவலிக்கார அம்மாச்சி இருப்பார். மே மாதத்துத் திண்டுக்கல் அனலாய்க் கொதிக்கும்போது, குளிர் தேடிக் கிளம்பியவர்களைக் கீழேயே நில்லுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? மறுபடி எப்போது வர வாய்க்குமோ தெரியாது. வண்டிக்கு வாடகை கொடுத்தாயிற்று. ஆகவே முடிந்தவரை பார்த்துவிடுவோம் என்கிறார்கள். ஓட்டுநருக்கு வழியும் தெரியும், வண்டி நிறுத்தும் இடமும் தெரியும் என்பதால் யோசிக்கும் வேலை மிச்சம். இத்தனையும் நியாயமான பேச்சு. இதைச் சோம்பல் என்றோ ரசனைக் குறைவு என்றோ தள்ளிவிடுவது அநியாயம். ஆனால் நேரம் குறைவாக இருக்கிறது என்பதிலிருந்து இடங்களைக் கூட்ட வேண்டும் என்ற முடிவு எப்படிப் பிறக்கும்? குறைந்த நேரத்துக்குப் பொருத்தமானது குறைந்த இடங்கள்தான். எடுத்துக்கொண்ட காரணமும் வந்து சேர்ந்த முடிவும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

1. பன்னிரண்டை வகுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? காலை ஒன்பதரைக்கு விடுதி வாசலில் ஏறி மாலை நாலரைக்கு இறக்கிவிட்டால் ஏழு மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் மிச்சம் ஆறு. பன்னிரண்டு இடங்களுக்குப் பங்கிட்டால் இடத்துக்கு அரை மணி. அந்த அரை மணிக்குள்தான் வேன் ஓடுவதும், நிறுத்த இடம் தேடுவதும், எல்லோரும் இறங்குவதும், சோளம் வாங்கப் போனவரைத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்றுவதும் நடக்கின்றன. கண்ணுக்குக் கிடைப்பது பத்து நிமிடம்.

பத்து நிமிடத்தில் எது தெரியும் என்பதற்குத் தூண் பாறையே போதுமான சாட்சி. செங்குத்தாக 122 மீட்டர் எழுந்து நிற்கும் அந்தப் பாறைகளுக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவில் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வரும். சில சமயம் அரை மணி நேரம் ஒரு கோடுகூடத் தெரியாது. பிறகு கால் மணிக்குத் திறக்கும், மறுபடி மூடும். மூடிய நேரத்தில் வந்த வேன் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விடும். பட்டியலில் அதுவும் பார்த்த இடமாகத்தான் கணக்கில் ஏறும். கம்பியைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் காத்து நின்றவருக்கு மூடியதும் திறந்ததும் சேர்ந்தே கிடைக்கின்றன. குணா குகையில் இன்னும் மோசம். 1991இல் வந்த படத்தின் பெயர் ஒட்டிக்கொண்ட அந்த இடத்துக்கு, 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு கூட்டம் பெருகியது. குகைக்குள் யாருக்கும் அனுமதி கிடையாது. பெரும்பாலோர் அங்கே செய்வது, மண் அரித்து வெளியே பின்னிக் கிடக்கும் மரவேர்களின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வது. ஆயிரக்கணக்கான செருப்புகள் தேய்த்து அந்த வேர்கள் வழுவழுவென்று ஆகிவிட்டன.

2. காட்டைப் பார்க்கத்தான் மலையேறுகிறோம் என்றால், அந்தப் பட்டியலில் காடு எங்கே இருக்கிறது? ஏரி வெட்டப்பட்டது, மதுரைக் கலெக்டர் வெர் ஹென்றி லெவிஞ்சு 1863இல் அமைத்தது. கோக்கர்ஸ் வாக் 1872இல் போடப்பட்ட நடைபாதை. பிரையண்ட் பூங்கா தோட்டம். பைன் காடு என்று வரிசையில் நின்று படமெடுக்கும் இடமும் பிரிட்டிஷ் வனத்துறையினர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்று நட்டு வளர்த்ததுதான். இவை அழகில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இவற்றைப் பார்த்துவிட்டுப் பழனி மலைக் காட்டைப் பார்த்ததாகச் சொல்வது பிழை.

அந்த மலையின் சொந்தக் காடு, பள்ளங்களில் இருண்டு கிடக்கும் சோலையும் அவற்றுக்கு மேலே மேடுகளில் பரந்த புல்வெளியும்தான். குறிஞ்சி பூப்பது புல்வெளிச் சரிவில். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. பெய்த மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்தச் சோலையும் புல்லும் சேர்ந்து செய்யும் வேலை. அயல் மண்ணிலிருந்து வந்த பைன், யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள் இந்தப் புல்வெளிகளைத்தான் தின்றன. ஆகவே பைன் தோப்பில் நிற்பவர் நிற்பது, ஒரு காடு அழிக்கப்பட்ட இடத்தின் மேல். 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தின் பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதற்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும், நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்ற அளவும் உண்டு. அனுமதிக்கு வரிசையில் நின்றால் இரண்டு பாயிண்ட் போய்விடும் என்பதால்தான் பன்னிரண்டு பாயிண்ட் அட்டையில் பேரிஜம் இடம்பெறுவதில்லை. எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டவருக்கு இழப்பு எது என்பது இங்கே துலக்கமாகத் தெரிகிறது. காடு என்ற பெயருக்குத் தகுதியான இடத்தை அவர் தாமே விட்டுவிடுகிறார்.

சூரிய ஆய்வுக்கூடத்துக்கும் இதே கதிதான். 1901 முதல் சூரியனைத் தொடர்ந்து கண்காணித்துவரும் இடம் அது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு ஆரத்திசையில் வெளிநோக்கி ஓடுகிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். உலகெங்கும் இன்றும் அதற்கு ‘எவர்ஷெட் விளைவு’ என்றே பெயர். இதை நின்று நிதானமாகக் கேட்டால்தான் புரியும். அரை மணிக் கணக்கு இதற்கு ஒத்துவராது.

3. திண்டுக்கல்லில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், ஊருக்கு நடுவில் நிற்கும் பாறையை நிமிர்ந்து பார்க்காமலே பேருந்து மாறுகிறார்கள். திண்டுபோல் கிடக்கும் கல் என்பதால் வந்த பெயர் என்பார்கள். அதன்மேல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கோட்டை கட்டினார். 1755இல் மைசூரின் பௌஜ்தாராக இங்கே வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச்சாலை அமைத்தார். பின்னாளில் மைசூரையே ஆண்டவரின் எழுச்சி தொடங்கிய ஊர் இதுதான். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலுநாச்சியார் அடைக்கலம் புகுந்தது இந்தச் சீமையில்தான். விருப்பாச்சியில் எட்டு ஆண்டுகள் இருந்து, ஹைதரின் படைத் துணையோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். கோட்டை 1790இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை உறுதியாக்கியது. அவர்களுக்கு எதிராகப் பாளையங்களைத் திரட்டிய விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்த வரலாறு நடந்த களத்தை நேரில் காட்டும் வாய்ப்பு, பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

ஏறுவது பாறையிலேயே வெட்டிய படிகளில். பல தலைமுறைகளின் கால்பட்டு நடுவில் குழிந்த படிகள் அவை. மதில், பாறையின் விளிம்பு எப்படி வளைகிறதோ அப்படியே கூட வளைந்து போகிறது. தனியாகக் கட்டிய சுவர் என்று தோன்றாமல் பாறையே எழும்பி மதிலானதுபோல் தெரியும். மேலே பீரங்கி நிறுத்தும் மேடைகள், கிடங்கு அறைகள், மழைநீர் தேங்கும் சுனைகள். உச்சியில் அம்மன் கோயில் இருக்கிறது, கருவறை காலி. மூர்த்தங்கள் கீழே ஊருக்குள் இருக்கும் கோயிலுக்குப் போய்விட்டன.

அந்தப் பாறையின் தலையில் நின்றால் மேற்கே பழனி மலைத்தொடர் முழு நீளத்துக்கும் தெரியும், தென்கிழக்கே சிறுமலை. நடுவில் காய்ந்த சமவெளி, அதில் கண்மாய்கள், தென்னந்தோப்புகள், தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பகுதிகள். மேற்கு மலையின் அடிவாரத்தில் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம். திண்டுக்கல் நகரின் குடிநீர் வெகுகாலம் அங்கிருந்துதான் வந்தது. அதே மலைச்சரிவுகளில் பிறக்கும் குடகனாறு வேடசந்தூர் வழியாக வடக்கே போய் அமராவதியில் சேர்கிறது. மேலே சோலை சுருங்கினால் கீழே குழாயில் நீர் சுருங்கும் என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் கண்ணே படித்துக்கொள்ளும் இடம் இது. மலைக்குள் நிற்பவருக்கு மலை முழுதாகத் தெரியாது. கொடைக்கானலைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஏறுவதற்கு முன் அதைக் கீழேயிருந்து ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

பூட்டைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; பலருக்கும் தெரிந்தது அந்தச் செய்தி மட்டும்தான். நாகல் நகர், குரும்பப்பட்டி, நல்லாம்பட்டி வட்டாரத்துப் பட்டறைகளில் கையால் பூட்டு செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லீவர் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் நாக்கு நகராது. அந்தப் பல்லைத் தொழிலாளி அரத்தால் ராவுகிறார், பூட்டில் விட்டுத் திருப்பிப் பார்க்கிறார், எடுத்து மறுபடி ராவுகிறார். கடைசியில் ‘டக்’ என்று நாக்கு நகரும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் கைதட்டிவிடுவார்கள். அலிகாரில் இயந்திரத்தில் அடித்து வரும் மலிவுப் பூட்டோடு போட்டி போட முடியாமல் இந்தத் தொழில் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவருகிறது. கொடைக்கானல் ஏரி அடுத்த தலைமுறைக்கும் இருக்கும். கையால் ராவும் இந்தப் பட்டறைகள் அவ்வளவு காலம் இருக்குமா என்பது உறுதியில்லை. எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைக்காது.

4. எல்லோரும் போவதால் அது நல்ல இடம் என்ற வாதம், எல்லோரும் போவதாலேயே உடைந்துபோகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயமானது. அதுவும் போதாமல் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்ச வரம்பு வந்தது. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் அந்த நகரத்தின் மக்கள்தொகை முப்பத்தாறாயிரம் சொச்சம். வந்தவர்கள் மலை முழுவதும் பரவியிருந்தாலும் பரவாயில்லை. அத்தனை பேரும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு ஒரே சாலையில் போகிறார்கள். இந்த நெரிசலுக்குச் சாலை குறுகலானதைவிடப் பட்டியல் குறுகலானதே பெரிய காரணம்.

அலாஸ்காவின் ஜூனோ நகரத்துக்கும் இந்த நோய் வந்தது. பனிமலைகளைப் பார்க்கச் சொகுசுக் கப்பலில் வருபவர்கள் அங்கே சில மணி நேரம் கரையிறங்குகிறார்கள். கப்பல் நிறுவனம் நீட்டும் பட்டியலைப் பார்த்துப் பலர் மெண்டன்ஹால் பனியாற்றுக்கே பேருந்து ஏறுகிறார்கள். முப்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் அந்த ஊர், தாங்க முடியாமல், 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வரக் கூடாது என்று கப்பல் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. பனிக்கும் வெயிலுக்கும் இதில் வேறுபாடு இல்லை. இறங்குபவருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்தை யார் எழுதிய பட்டியல் ஆள்கிறது என்பதுதான் இரண்டு ஊரிலும் கேள்வி.

5. குழந்தை, முதியவர், வெயில் ஆகிய மூன்றும் பன்னிரண்டு பாயிண்டுக்குச் சாதகமான காரணங்களா? கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வரும் பிள்ளையைப் பன்னிரண்டு முறை வண்டியில் ஏற்றி இறக்குவது வசதி ஆகாது. மூட்டுவலிக்காரர் பாறைக்கோட்டையில் ஏற வேண்டியதில்லை. கரூர் சாலையில் சில கிலோமீட்டர் போனால் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சமதளத்தில் இருக்கிறது. இரணியனை மடியில் கிடத்திப் பிளக்கும் நரசிம்மர், உலகளந்த பெருமாள், இரதி, மன்மதன் எல்லாம் தூணோடு தூணாக ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்தே ஒரு மணி நேரம் போக்கலாம். மதுரைச் சாலையில் டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம். அதையடுத்துச் சுங்குடிச் சேலை தயாராகும் சின்னாளபட்டி. வெயிலுக்கு அஞ்சுபவர்கள் கோட்டைக் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஏறி இறங்கிவிட்டு, உச்சிவேளைக்குள் மலைச்சாலையில் இருக்கலாம். குளிரை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

6. அப்படியானால் சமவெளியிலும் பன்னிரண்டு பாயிண்ட் போட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. கணக்கு தவறு என்றால் மலையிலும் தவறு, கீழேயும் தவறு. அய்யலூர், நத்தம் பக்கத்து முட்புதர்க் காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அரசு அறிவித்தது. இந்த விலங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. இரவில் மட்டும் நடமாடும், பூச்சிகளைத் தின்னும், பெரிய கண்கொண்ட அந்தச் சிறு உயிரை டார்ச் அடித்துத் தேடிப் போனால் அதற்கு நன்மை எதுவும் இல்லை. போகாமல் விடுவதும் தேர்வில் ஒரு பகுதி. சரணாலயம் வந்தால் பாயிண்டும் வந்துவிடும் என்ற பழக்கத்துக்கு இங்கே இடம் கொடுக்கக் கூடாது.

தேர்வு செய்யும் முறை எளிதுதான். ஓர் இடத்தில் ஒரு மணி நேரமாவது இருக்க முடியுமா, அங்கே கிடைப்பது வேறெங்கும் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளைப் பட்டியலின் ஒவ்வொரு பெயர் மேலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டம் இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடும். பேரிஜம் இரண்டிலும் தேறும். தூண் பாறை, ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தேறும். திண்டுக்கல் கோட்டையும் பூட்டுப் பட்டறையும் எந்தத் தயக்கமும் இல்லாமல் தேறும். இரண்டு நாளுக்கு நாலு இடம் போதும், ஐந்து தாராளம்.

கூட்டம் நிரம்பி இ-பாஸ் கிடைக்காத வார இறுதியில் வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்பதில்லை. வாழைக்குப் பெயர்பெற்ற சிறுமலை, நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர் தூரத்தில், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது. அங்கே போகும் பேருந்து திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்தே புறப்படுகிறது.